பின்னால் ஓட்டக் கற்ற சாம்பியன்

அமெரிக்காவில், வட கரோலினாவின் மலைப்பக்கத்தில் ஹார்லன் கீன் என்றொரு கார் பந்தய வீரன் இருந்தான். மரம் அறுக்கும் மில்லில் லாரி ஓட்டியவரின் மகன். மீசை அரும்பும் வயதில் மண் தடங்களில் ஓட்டத் தொடங்கி, பிறகு பெரிய தார்த் தடங்களுக்கு வந்தான்.

அவன் ஓட்டியது ஸ்டாக் கார். வெளியே பார்த்தால் வீதியில் போகிற கார் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது புலி. முட்டை வடிவத் தடத்தில் நாற்பது கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும்.

ஹார்லன் ஐந்து முறை தேசிய சாம்பியன் ஆனான். அதில் மூன்று முறை அவனுக்கு அடுத்து வந்தவன் ஒரே ஆள்தான். பெயர் ரூஃபஸ் டில்மன். இருவருக்கும் ஒரே வயது.

ரூஃபஸ் ஒரு முறைகூட சாம்பியன் ஆனதில்லை. ஆனால் பந்தயம் முடிந்தால் சிரித்துக்கொண்டேதான் காரை விட்டு இறங்குவான். ஜெயித்த ஹார்லன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. கோப்பையைக் கையில் வாங்கும்போதே அடுத்த வாரப் பந்தயத்தை நினைத்து அவன் முகம் இறுகிவிடும்.

ரூஃபஸ் ஓய்வுபெற்றான். ஊருக்குப் பக்கத்தில் சின்ன மண் தடம் ஒன்றை வாங்கி, பந்தயக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தான்.

ஹார்லன் ஓட்டிக்கொண்டே இருந்தான். நாற்பத்தைந்து வயதில் தோற்கத் தொடங்கினான். முதலில் நான்காவதாக வந்தான். பிறகு ஒன்பதாவது. பிறகு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எஞ்சினைக் குறை சொன்னான். டயரைக் குறை சொன்னான். மெக்கானிக்குகளை மாற்றினான். வீட்டில் பேசுவதே நின்றுபோனது.

ஒருநாள் காலை அவன் மனைவி ஐரீன் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க தோற்றது எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தோற்ற ஆளோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டமாக இருக்கிறது."

ஹார்லன் காபியைக் குடிக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே ரூஃபஸிடம் போனான்.

ரூஃபஸ் ஒரு காருக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே கேட்டான்:

"என்ன ஹார்லன், பாடம் நடத்த வந்தாயா?"

"படிக்க வந்தேன்."

ரூஃபஸ் வெளியே வந்து உட்கார்ந்தான். "எதை?"

"தோற்ற பிறகு எப்படிச் சிரிப்பது என்பதை."

ரூஃபஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"ஹெல்மெட்டை எடு."

தடத்தில் இரண்டு பழைய கார்கள் நின்றன. ரூஃபஸ் ஒன்றில் ஏறிக்கொண்டு சொன்னான்:

"என் பின்னாலேயே வா. முந்தாதே. பாடம் அவ்வளவுதான்."

முதல் சுற்றிலேயே ஹார்லன் முந்திவிட்டான்.

ரூஃபஸ் காரை நிறுத்தினான். "என்ன ஆயிற்று?"

"கால் தானாக அழுத்திவிட்டது."

"மறுபடி."

மறுபடியும் முந்தினான்.

"இப்போது என்ன?"

"வழி இருந்தது."

"மறுபடி."

மதியம் வரை ஹார்லன் ஜெயித்துக்கொண்டே இருந்தான். மதியம் வரை ரூஃபஸ் அவனை ஃபெயில் ஆக்கிக்கொண்டே இருந்தான்.

சாப்பிட்ட பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு ஹார்லன் பின்னாலேயே போனான். முன்னால் போன கார் கிளப்பிய செம்மண் புழுதி கண்ணாடியை மூடியது. எரிச்சலாக வந்தது. இரண்டு சுற்று போனது. மூன்றாவது சுற்றில் புழுதி விலகிய ஒரு கணத்தில் அவன் பார்த்தான்.

ரூஃபஸின் கார் வளைவை நெருங்கும்போதே பின்பக்கத்தை லேசாக வெளியே வீசியது. சறுக்கிவிட்டது, இனி சுவரில்தான் என்று ஹார்லன் நினைத்த இடத்தில் அது தானாக நிமிர்ந்துகொண்டு, வளைவை வழுக்கிக் கடந்து போனது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய மாதிரியே தெரியவில்லை. குட்டையில் மீன் திரும்புகிற மாதிரி இருந்தது.

இருபது வருஷம் இந்த மனிதனோடு பந்தயம் ஓட்டியிருந்தான். இவன் ஓட்டி ஒருநாளும் பார்த்ததில்லை.

இறங்கியதும் ஓடிவந்தான்.

"ரூஃபஸ்! நீ எவ்வளவு அழகாக ஓட்டுகிறாய்!"

"அப்படியா? நான் பார்த்ததில்லை," என்றான் ரூஃபஸ். "நாளைக்கும் வா."

ஹார்லன் தினமும் வந்தான். ஐந்து முறை சாம்பியன் ஆனவர் கார் ஓட்டக் கற்கப் போகிறார் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. ஐரீன் மட்டும் கேலி செய்யவில்லை. அவன் மறுபடியும் சாப்பாட்டு மேஜையில் பேச ஆரம்பித்திருந்தான்.

அந்தப் பருவம் முடிய இரண்டு பந்தயங்கள் மிச்சம் இருந்தன. அதோடு ஓய்வுபெறுவதாக ஹார்லன் அறிவித்துவிட்டான்.

முதல் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அவன் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். முன்னால் போனவள் டெல்லா வின்ஃப்ரீ. புதிதாக வந்த பெண், இருபத்து மூன்று வயது. யாரும் போகப் பயப்படும் வெளிச்சுவர் ஓரமாக, காகிதம் நுழைகிற இடைவெளி விட்டு அவள் காரைக் கொண்டுபோனாள். ஹார்லன் அதைப் பார்த்துக்கொண்டே முடிவுக் கோட்டைக் கடந்தான். இரண்டாவது இடம். வாய் நிறையச் சிரிப்போடு இறங்கினான். நிருபர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நேரே ரூஃபஸ் வீட்டுக்குப் போனான்.

"கற்றுக்கொண்டுவிட்டேன்! தோற்றேன், சிரித்தேன்!"

ரூஃபஸ் சிரிக்கவில்லை.

"டிவியில் பார்த்தேன். கடைசி வளைவில் உள்பக்கம் ஒரு கார் நுழைய இடம் இருந்தது. ஏன் நுழையவில்லை?"

"அவள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு அழகு."

"ஹார்லன், உன் பின்னால் நான் எத்தனை பந்தயம் வந்திருப்பேன்?"

"கணக்கே இல்லை."

"ஒன்றிலாவது உன்னைச் சும்மா விட்டேனா?"

ஹார்லன் யோசித்தான். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் எப்போதும் தெரிந்த, ரூஃபஸ் காரின் நீல நிற பம்பர் நினைவுக்கு வந்தது. கோட்டைத் தாண்டும்வரை அது ஒருபோதும் பின்தங்கியதில்லை.

"இல்லை. பிசாசு மாதிரி வந்தாய்."

"அந்தப் பெண் ஹார்லன் கீனை ஜெயிக்க வந்தாள். நீ டிக்கெட் வாங்கியவன் மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறாய். போ. இன்னும் ஒரு பந்தயம் இருக்கிறது."

கடைசிப் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை மதியம். நல்ல வெயில். ரூஃபஸும் ஐரீனும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் மறுபடியும் டெல்லா முன்னால், ஹார்லன் பின்னால்.

இந்த முறை அவன் விடவில்லை. உள்பக்கம் இடித்துக்கொண்டு நுழைந்தான். அவள் வெளிச்சுவர்ப் பக்கம் சரிவில் மேலே ஏறினாள். அவனும் ஏறி வழியை மூடினான். அவள் சுவரோடு சுவராக உரசிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். கதவும் கதவும் தேய்ந்து தீப்பொறி பறந்தது. கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. ஐரீன் ரூஃபஸின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கார்களும் ஒன்றாகக் கோட்டைக் கடந்தன.

கேமரா பார்த்துத்தான் முடிவைச் சொன்னார்கள். ஒரு சாண் வித்தியாசத்தில் டெல்லா ஜெயித்திருந்தாள்.

ஹார்லன் அதற்குள் காரை விட்டு இறங்கி அவளிடம் போய்விட்டான்.

"அந்த வளைவில் என்னம்மா பண்ணினாய்? நான்தான் வழியை மூடிவிட்டேனே!"

"மூடிட்டீங்க சார். சுவரைக் கெஞ்சிக் கேட்டேன். கொஞ்சம் தள்ளி நின்றது."

ஹார்லன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். அவன் காரின் ஒரு பக்கக் கதவே நசுங்கிப்போயிருந்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரூஃபஸ் தடுப்பைத் தாண்டி இறங்கி வந்தான். ஹார்லன் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"ரூஃபஸ், இத்தனை வருஷமும் இதையா நீ அனுபவித்துக்கொண்டிருந்தாய்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்கே சொல்வது?" என்றான் ரூஃபஸ். "நீதான் எப்போதும் முன்னால் போய்க்கொண்டிருந்தாயே."