மூன்றாவது கால் நீண்ட கதை

மின்சாரத்துக்குப் பேச்சு இருந்த காலம் அது. பல்லியும் காக்கையும் மனிதரோடு பேசியதுபோல் அது உரக்கப் பேசாது. வெறுங்காலோடு நிற்பவர் இரும்பைத் தொட்டால், அவருடைய தோலுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லப் பேசும். எந்த வீட்டில் பேசினாலும் அது சொன்னது ஒன்றுதான்: வீட்டுக்குப் போகவேண்டும். மண்தான் அதன் வீடு.

பிளக்கின் மூன்று கால்களும் அப்போது ஒரே நீளம், ஒரே தடிமன். மின்சாரம் வருவதற்கு ஒரு கால், திரும்பிப் போவதற்கு ஒரு கால். வழி தவறி இரும்புக்குள் இறங்கிவிட்டால் மண்ணுக்குப் போய்ச் சேர மூன்றாவது கால். ஆனால் வீட்டுச் சுவர்களில் இரண்டு துளைகள்தான் இருந்தன. மூன்றாவதற்கு என்ன வேலை என்று வாங்கியவர்கள் கேட்கவும் இல்லை, விற்றவர்கள் சொல்லவும் இல்லை.

தெற்கே, உப்புக் காற்றில் சுவரெல்லாம் வியர்க்கிற ஒரு கடலோர ஊரில் பெர்க்மான்ஸ் என்றொருவன் இருந்தான். படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். வீட்டில் அவனும் மனைவி அமலோற்பவமும் தங்கை ஜெசிந்தாவும். கடலுக்குப் போன அண்ணன் தங்கையின் அப்பா திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெயர் மட்டும் எழுதிய சிலுவை ஒன்று வெறும் மண்ணின்மேல் நின்றது. அண்ணன் அதைப் பற்றிப் பேசமாட்டான். தங்கை அதன் பக்கம் போகமாட்டாள்.

ஜெசிந்தாவுக்குத் தட்டச்சு நன்றாக வரும். வீட்டில் இருந்தபடியே கல்யாணப் பத்திரிகையும் கோயில் அறிவிப்பும் அடித்துக் கொடுக்கட்டும் என்று பெர்க்மான்ஸ் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். தகர உடம்பும் கனத்த திரையுமாக இருந்த அதைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பிளக் சுவருக்குள் நுழையவில்லை. யாரோ சிரித்தார்கள். பெர்க்மான்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. பட்டறைக் குறடை எடுத்து, மூன்றாவது காலை நறுக்கென்று வெட்டினான். மிச்சத்தைச் செருகினான். திரை ஒளிர்ந்தது, கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

உத்தரத்தில் இருந்த பல்லி, "வாசலை வெட்டிவிட்டான்" என்றது. அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

முதலில் ஜெசிந்தாவின் மணிக்கட்டில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊர்தலுக்குள் ஒரு சொல் பிடிபட்டது. வழி, வழி என்றது. அண்ணனிடம் சொன்னாள். அவன் வந்து பெட்டியின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றான். பித்தவெடிப்புக்காக வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடு நடக்கிறவன் அவன். அவனுக்கு எப்படிக் கேட்கும்?

அமலோற்பவத்துக்குக் கேட்டது. மேசையைத் துடைக்கும்போது அவள் விரல் பெட்டியில் பட, அது அவள் பெயரைக் கேட்டது. அவள் சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த மேசையை அவள் துடைக்கவே இல்லை.

ஜெசிந்தா தன் பெயரைச் சொல்லியிருந்தாள்.

மழைக்காலம் பிறந்தது. தரை எப்போதும் ஈரமாக இருந்தது, குரலும் தெளிந்துகொண்டே வந்தது. பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வருவதாகவும், தரைக்குக் கீழே மண் வாசனை தெரிவதாகவும், போகத்தான் முடியவில்லை என்றும் அது சொன்னது. ஜெசிந்தாவுக்கு அதன்மேல் இரக்கம் உண்டானது. வேலை இல்லாத நேரத்திலும் பெட்டியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உன் வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று ஒரு மத்தியானம் கேட்டாள்.

"போனவர்கள் எல்லாரும்" என்றது குரல்.

விரலை எடுக்காமல் ஜெசிந்தா எழுந்து நின்றாள். பிறகு, கடலில் போன ஒருவர் அங்கே வந்து சேர்ந்தாரா என்று கேட்டாள்.

"கையை முழுதாக வை. பார்த்துச் சொல்கிறேன்."

அது பொய் சொன்னதா, உண்மை சொன்னதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பெட்டிக்குப் பின்னால் எலி ஒன்று ஒயரின் தோலைக் கடித்து வைத்திருந்ததும் அப்போது யாருக்கும் தெரியாது. கதவிடுக்கில் புகுந்த மழைத்தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது. ஜெசிந்தா உள்ளங்கையை விரித்துப் பெட்டியின்மேல் வைத்தாள்.

அடுக்களையில் இருந்த அமலோற்பவத்துக்கு வீடு திடீரென்று வெறிச்சென்று ஆனதுபோல் இருந்தது. எட்டிப் பார்த்தாள். ஜெசிந்தா பெட்டியோடு ஒட்டி நின்றாள். கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. உடம்பு முழுவதும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அமலோற்பவம் ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுக்கப் போனாள். அப்போது ஜெசிந்தாவின் வாய் அசைந்தது.

"அமலோற்பவம், கை கொடு."

நீட்டிய கை அப்படியே நின்றது. ஜெசிந்தா அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணன் மனைவியை மைனி என்றுதான் கூப்பிடுவாள்.

அமலோற்பவம் பின்வாங்கினாள். தண்ணீர் ஏறாத திட்டில் ஒரு மரமணையைப் போட்டு ஏறி நின்று, காய்ந்த உலக்கையால் மெயின் சுவிட்சின் பிடியைக் கீழே தட்டினாள். வீடு இருண்டது. ஜெசிந்தா சரிந்து விழுந்தாள்.

உயிர் இருந்தது. நாடி ஒழுங்காக இருக்கிறது, உள்ளங்கையில்தான் காயம் என்றார் டாக்டர். ஆனால் கண் விழித்தவள் ஜெசிந்தாவாக இல்லை. சாப்பாடு வேண்டாம் என்றாள். யார் எதைக் கேட்டாலும் வழி என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னாள். பங்குச் சாமியார் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தபோது, அவரிடமும் பணிவாக அதையே சொன்னாள். ஆள் அசந்தால் கொல்லைக்குப் போய் ஈரமண்ணை நகத்தால் பறித்தாள். பறித்த குழிக்குள் காலை விட்டு, மண்ணைத் தன்மேல் தானே தள்ளி மூடிக்கொண்டாள். பெர்க்மான்ஸ் தூக்கிவந்து கழுவிவிடுவான். மறுபடியும் போவாள். முழங்கால் வரை இருந்த மண் இடுப்பு வரை ஏறியது.

பெர்க்மான்ஸ் பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டான். கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்தே இருந்தான். அன்று வெட்டியது எதற்கான கால் என்று அவனுக்கு இப்போது ஒருவாறு விளங்கியிருந்தது. மனைவியிடம் அதைச் சொன்னான்.

அமலோற்பவம் எழுந்துபோய் ஜெசிந்தாவுக்கு எதிரே வெறுங்காலோடு ஈரமண்ணில் உட்கார்ந்தாள்.

"அவளை ஏன் பிடிச்சு வச்சிருக்க?"

"நான் பிடிக்கவில்லை" என்றது ஜெசிந்தாவின் வாயிலிருந்த குரல். "எனக்குப் போக இடம் இல்லை. இவள் கை கொடுத்தாள். நீ நடுவில் அறுத்துவிட்டாய். பாதி போனேன், பாதி இங்கே நிற்கிறேன்."

"வழி போட்டுத் தந்தா விட்டுருவியா?"

விட்டுவிடுவதாகச் சொன்னது. வேறு வழி இருந்தால் ஆள் வழியாகப் போக எனக்கென்ன ஆசையா என்றது. ஆனால் அந்த வழி, தான் உள்ளே வருவதற்கு முன்பே திறந்திருக்கவேண்டும், தான் போன பிறகே மூடவேண்டும் என்றது. வந்த பிறகு திறந்து பயனில்லை, யாராவது தொட்டுவிடுவார்கள்.

அமலோற்பவம் சம்மதித்தாள். பிறகு தன் பங்குக்கு ஒன்று கேட்டாள். "இனிமே நீ பேசக் கூடாது. இந்த வீட்டுல மட்டும் இல்ல, எந்த வீட்டுலயும். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

 ஜெசிந்தாவின் விரல்கள் ஈரமண்ணை அளைந்தன.

"யோசித்துச் சொல்" என்றது குரல். "பேச்சு போனால், தொடுகிறவரிடம் கேட்டுவிட்டுப் போக என்னால் முடியாது."

"கேக்க வேண்டாம்" என்றாள் அமலோற்பவம். அந்த நேரத்தில் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்குச் சீராக வந்த செம்புப் பானையை அவளே எடுத்துக் கொடுத்தாள். பெர்க்மான்ஸ் அதை அடித்துத் தகடாக்கினான். கொல்லையில் ஆழக் குழி தோண்டித் தகட்டை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் கொட்டி மூடினார்கள். தகட்டிலிருந்து தடித்த கம்பி ஒன்றைச் சுவர்வரைக்கும் இழுத்தான். சுவரில் மூன்றாவதாக, மற்ற இரண்டுக்கும் மேலே, பெரிய துளை ஒன்று வைத்தான். பட்டறையில் பித்தளையைக் கடைந்து, மற்ற இரண்டு கால்களையும்விட நீளமாகவும் தடிமனாகவும் ஒரு கால் செய்து பிளக்கில் பொருத்தினான். நீளமாக இருந்தால்தான் அது முந்தி நுழையும், பிந்தி வெளிவரும். தடிமனாக இருந்தால்தான் வேறு துளைக்குள் யாரும் திணிக்க முடியாது. எலி கடித்த ஒயரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டான்.

பிளக்கைச் செருகிவிட்டு, மெயின் சுவிட்சைப் போடச் சொன்னான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அமலோற்பவம் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள், வெடித்த பாதங்களை ஈரத்தரையில் ஊன்றி, பெட்டியின்மேல் கையை வைத்தான். அது வெறும் இரும்பாகக் குளிர்ந்திருந்தது.

கொல்லையில் குழியின் மேல்மண் சின்னதாகச் சீறியது. தண்ணீர் ஊற்று என்று சுவரில் இருந்த பல்லி சொல்ல, அமலோற்பவம் குடத்தோடு ஓடி ஊற்றினாள். மண் அதைக் கடகடவென்று குடித்தது. இடுப்பளவு மண்ணில் இருந்த ஜெசிந்தா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மைனி, பசிக்குது" என்றாள்.

அவள் தேறி வந்து மறுபடியும் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். சில மத்தியானங்களில் யாரும் இல்லாதபோது பெட்டியின்மேல் தழும்பேறிய உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் கேட்காது. அவள் அழுதது ஒருமுறைதான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சிலுவைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

அந்த ஊரில் தொடங்கி, வீடுகள்தோறும் கொல்லையில் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் பரவியது. பிளக்கின் மூன்றாவது கால் மற்ற இரண்டையும்விட நீண்டு தடித்ததும், முந்தி நுழைந்து பிந்தி வெளியேறுவதும் அன்றைக்குப் பிறகுதான். அந்தக் காலை வெட்டிவிட்டுச் செருகுகிற வீடுகளில் மின்சாரம் இப்போதும் பெட்டிக்குள் வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கொடுத்த வாக்கை அது மீறுவதில்லை. தொடுகிறவர் யாரிடமும் கேட்பதில்லை.