நாலு வாளி

எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் மான்ஸ்டர் சண்டை கேம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஃபேனுக்கு அடியிலிருந்த சிஸ்டத்தில் சென்டர் நடத்திய கில்பர்ட் அண்ணன் மட்டும்தான் உட்காருவார். ஒரு மிருகத்துக்கு நாலு அட்டாக்தான் வைக்கலாம், எந்த வகையானாலும் சரி. அவர் தன்னுடைய டிராகன், இரும்புக்காளை, கழுகு மூன்றுக்கும் நாலையும் தீயாகவே வைத்திருந்தார். அவரைப் பார்த்து நாங்களும் தீயையே வளர்த்து, அவரிடமே தோற்றோம்.

பாலிடெக்னிக்கில் படித்த முப்பிடாதி மட்டும் ஒரு நீர்த்தவளையை வளர்த்தாள்.

"அந்த ஒத்தத் தவளைய வெச்சு என் மூணையும் சாய்ச்சிரு, இந்த சீட்டு உனக்கு. தோத்தா தவளைய அழிச்சிரணும்" என்றார் அண்ணன்.

"சரிண்ணே" என்றாள்.

தவளையின் ஈரத்தோலில் தீ பெரிதாக ஏறவில்லை. அது டிராகன்மேல் தண்ணீரைப் பீய்ச்சியது, காளையைச் சேற்றால் அடித்தது, கழுகின்மேல் மின்னலை இறக்கியது. நாலாவதாக வைத்திருந்த பனிக்கு வேலையே வரவில்லை.

"தவளைகிட்டயா தோத்தேன்?" என்றார் அண்ணன்.

"பந்திக்கு நாலு வாளி கொண்டாந்தீங்கண்ணே" என்றாள் முப்பிடாதி. "நாலுலயும் சாம்பார்."

சென்டரை மூடி வருஷங்களாகிவிட்டன. இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி வந்தால், கில்பர்ட் அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் இலைமேல் கையை நீட்டி மறித்து, "ரசம் வரட்டும்" என்பார்.