வளைப்பான் வெட்டிய சொல்

முன்பு ஒரு கடலோரக் குன்றின் மேல் ஒரு கைபேசிக் கோபுரம் இருந்தது. அதன் வயிற்றுக்குள் வளைப்பான் என்றொருவன் குடியிருந்தான். கோபுரத்தைவிட அவன் தலைக்கனம் உயரம்.

இருக்காதா பின்னே? கோபுரத்துக்கும் கடலில் போகும் படகுகளுக்கும் நடுவே இருந்த காற்றுவழி பொல்லாதது. போகிற சொல்லையெல்லாம் பாறையில் மோதவிட்டு, தண்ணீரில் தெறிக்கவிட்டுக் கோணலாக்கிவிடும். வளைப்பான் ஒவ்வொரு சொல்லையும் அதற்கு எதிர்க்கோணலாக முன்கூட்டியே வளைத்து அனுப்புவான். வழி தன் கோணலைக் காட்டக் காட்டச் சொல் நிமிர்ந்து, படகில் நேராகப் போய் இறங்கும். சொற்களைச் சுமந்து போக, ஆளுக்கொரு அலைவரிசையில் ஓடும் அறுபத்து நான்கு சுமைகாரர்கள் இருந்தார்கள்.

வழியின் கோணல் எவ்வளவு என்று பார்த்து வருவது வேவுக்காரியின் வேலை. சின்னஞ்சிறு சமிக்ஞை அவள். படகு வரை போய்த் திரும்பி அளவு சொல்வாள். சொல்லி முடித்ததும் "ஏறக்குறைய" என்று ஒரு வார்த்தை சேர்ப்பாள். அதைக் கேட்டாலே வளைப்பானுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நான் செய்யது மயிரிழை பிசகாத வேலையாக்கும். அந்தச் சொல்ல வெட்டிட்டுச் சொல்லு."

"நான் திரும்பி வாறதுக்குள்ள படகு நகந்துருதுல்லா அண்ணே. அதையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"பாத்தத மட்டும் சொல்லு போதும்."

அவள் சின்னவள். அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டாள். கடல் அமைதியாக இருந்தவரை அதனால் கெடுதல் ஒன்றும் வரவில்லை.

ஒரு நண்பகலில் காற்று திசை மாறியது. கடலில் கிறிஸ்தடிமையின் படகு ஐந்து பேரோடு தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. கரையில் அவன் மனைவி திரேசம்மாள் கைபேசியில் கத்தினாள்: "தெக்க போவாண்டாம்! சூறாவளி வருது. வடக்க வாருங்க!"

வேவுக்காரி ஓடிப் போய் அளவு கொண்டுவந்தாள். வளைப்பான் இம்மி பிசகாமல் வளைத்தான். ஆனால் அதற்குள் படகு ஓர் அலையின் உச்சியிலிருந்து பள்ளத்தில் விழுந்திருந்தது. அளந்த வழி வேறு, போன வழி வேறு. சுமைகாரர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடறி, சொற்களை ஒன்றோடொன்று கலந்து கொட்டினார்கள்.

"என்னவோ சொல்லுதா, ஒண்ணும் வெளங்கல்லியே" என்றான் கிறிஸ்தடிமை. படகு தெற்கேதான் போனது.

திரேசம்மாள் மறுபடி கத்தினாள். இப்போது அவள் குரலில் அழுகை இருந்தது. வளைப்பான் வேவுக்காரியிடம் திரும்பினான்.

"தங்கச்சி, இந்தக் காத்துல உன் அளவு எவ்வளவு பிசகும்?"

"பத்துக்கு மூணு பிசகும் அண்ணே."

"இத ஏன் முன்னமே..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். வெட்டியவன் யாரென்று அவனுக்குத் தெரியும்.

பள்ளிச் சீருடை தைப்பவர் உள்ளே துணி விட்டுத் தைப்பதுபோல அவன் இந்த முறை பிசகுக்கு இடம் விட்டு வளைத்தான். ஒரு சொல்லை ஒருவன் தலையில் ஏற்றாமல் அறுபத்து நான்கு பேருக்கும் பிரித்துக் கொடுத்தான். நாலு பேர் இடறினாலும் மற்றவர்கள் கொண்டுசேர்ப்பார்கள். ஒரு சொல்கூட முழு நேராகப் போகாது என்பது அவனுக்கு வலித்தது. வலியோடுதான் அனுப்பினான்.

"தொண்ட கட்டுனமாதிரி கெடக்கு. ஆனா வடக்க வரச் சொல்லுதா. திருப்புங்கடே!" என்றான் கிறிஸ்தடிமை.

மறுநாள் பக்கத்துக் குன்றின் கோபுரம் கேலி பேசியது. "நேத்து உன் சொல்லு கரகரத்துப் போச்சாமே? நேரா எறங்கல்லியாமே?"

வளைப்பான் வேவுக்காரியைப் பக்கத்தில் அழைத்து நிறுத்திக்கொண்டான். முன்னைவிட உயரமாகத் தலையை நிமிர்த்தினான்.

"ஆமா. சொல்லு ஏறக்குறையத்தான் எறங்குச்சு. ஆளு அஞ்சு பேரும் முழுசா எறங்குனாங்க."