இரவல் சிக்னல்

இஞ்ஞாசி தம் ஆசிரியையைவிடப் பதினேழு வயது மூத்தவர். முப்பத்தோரு வருஷம் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். நடுக்கடலில் நின்றுகொண்டு கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் செய்தி அனுப்பியவர். ஓய்வுபெற்ற மறுமாதமே திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியை திலகவதியின் முன்னால் போய் நின்றார்.

"எனக்கு இன்னும் படிக்கணும் மேடம்."

"என்ன தெரியும் அண்ணாச்சி?"

"சிக்னல் தெரியும்."

"போதும். உட்காருங்க."

நான்கு வருஷம் ஆயிற்று. ஆய்வகத்தில் அவர்கள் இருவரையும் சேர்த்துப் பதினோரு பேர் மூன்று செயற்கைக்கோள்களைச் செய்தார்கள். ஒவ்வொன்றும் செருப்புக்கடை அட்டைப்பெட்டி அளவு. மூன்றும் மேலே போய்ச் சுற்ற ஆரம்பித்தன.

அவை பூமியைப் படம் பிடிப்பதில்லை. செல்போனுக்கு வழி காட்டும் சிக்னல் வானத்திலிருந்து எந்நேரமும் பெய்துகொண்டிருக்கிறது. அது கடலிலும் காட்டிலும் வயலிலும் பட்டு மறுபடி மேலே போகிறது. அப்படித் திரும்புகிற சிக்னலைப் பிடிப்பதுதான் பெட்டிகளின் வேலை. பட்ட இடம் ஈரமா, வறண்டதா, அலையடிக்கிறதா என்பதை அதிலிருந்து படித்துவிடலாம்.

ஒருநாள் வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் ஆய்வகத்தைப் பார்க்க வந்தார்.

"பூமியை அளக்க உங்க பெட்டி எவ்வளவு வாட் சிக்னல் அனுப்பும்?"

"அனுப்பாது சார்," என்றார் இஞ்ஞாசி.

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

"அப்போ ஊரான் சத்தத்தை ஒட்டுக்கேக்குற பெட்டின்னு சொல்லுங்க."

சிரித்துவிட்டு, காப்பியை முடித்துவிட்டு, அவர் போய்விட்டார்.

இஞ்ஞாசிக்கு முகம் செத்துவிட்டது. மறுநாள் காலையில் வந்ததும் கேட்டார்.

"மேடம், நமக்குன்னு சொந்தமா ஒரு சிக்னல் வேண்டாமா? இரவல்ல என்ன பெருமை இருக்கு?"

திலகவதி மடிக்கணினியையும் இரண்டு ஆன்டெனாக்களையும் எடுத்துக்கொண்டு, அவரைத் தாமிரபரணிப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். ஒன்றை வானத்துக்குக் காட்டி வைத்தார். இன்னொன்றை ஆற்றுக்குக் காட்டி வைத்தார். திரையில் இரண்டு கோடுகள் ஓடின: மேலே வானத்தது, கீழே ஆற்றது.

காற்று வீசியது. மேல்கோடு அப்படியே இருந்தது. கீழ்க்கோடு பொசுக்கென்று இறங்கியது.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"தண்ணி சிலுப்புது."

"சரி, போகலாம்."

"சிலுப்புறது தெரியுது மேடம். ஆனா சத்தம் இரவல்தானே?"

திலகவதி ஆன்டெனாக்களை மடக்கிப் பையில் வைத்தார்.

ஐப்பசி முடியும்போது மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. மேலிருந்து எடுத்த படங்களில் எல்லாம் வெறும் வெள்ளை மேகம்; சிக்னலுக்கு மேகம் ஒரு தடையில்லை. ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு பெட்டி கருங்கண்குளத்துக்கு மேலே கடந்துபோனது. இஞ்ஞாசி கோட்டைப் பார்த்தார். தண்ணீர் நிற்கும் இடம் அதில் உயர்ந்து பளிச்சிடும்; குளம் பளிச்சென்று இருந்தது. அது இருக்க வேண்டியதுதான். ஆனால் கரைக்கு வெளியே, வாழைத் தோட்டம் இருக்க வேண்டிய இடத்திலும் ஒரு துண்டு அதே மாதிரி பளிச்சிட்டது. பக்கத்துத் தோட்டங்களிலும் அதே மழைதான். அங்கே இந்தப் பளிச்சு இல்லை.

பதினொன்றரைக்கு அடுத்த பெட்டி வந்தது. துண்டு அகன்றிருந்தது.

"மேடம், கரை கசியுது. வாழைக்கு அடியில தண்ணி நிக்குது. ரோட்டுல போறவன் கண்ணுக்குத் தெரியாது."

"அதிகாரிங்ககிட்ட சொல்லுங்க."

இஞ்ஞாசி தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டார். மறுமுனையில் தாசில்தார்.

"படம் இருக்கா?"

"படம் இல்லைங்க. கோடு இருக்கு."

"கோட்டை வச்சு ஊரைக் காலிபண்ணச் சொல்றீங்களா?"

இஞ்ஞாசி போனைப் பொத்திக்கொண்டார். "நீங்க பேசுங்க மேடம். நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

"பார்த்தது நீங்க. நீங்களே பேசுங்க."

இஞ்ஞாசி எழுந்து நின்றார். கப்பலில் அவசரச் செய்தி சொல்லும்போது நிற்பதைப்போல நின்றார். குரல் தானாக நிதானப்பட்டது.

"ஐயா, எழுதிக்கோங்க. மடைக்குத் தெற்கே, அரை கிலோமீட்டருக்குள்ள. கரையோட வெளிப்பக்கம். ஒரு ஆளை அனுப்பி வாழைக்குள்ள இறங்கிப் பார்க்கச் சொல்லுங்க. கால் நனையலேன்னா அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

தாசில்தார் தானே போனார். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். மூச்சிரைத்தது.

"முட்டளவு தண்ணி சார். கரையில ஊத்துக் கண் திறந்திருக்கு. நிமிஷத்துக்கு நிமிஷம் பெருசாகுது."

கரைக்குக் கீழே இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு பொழுது சாயுமுன் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் மத்தியானம் கரை உடைந்தது. தெரு முழுக்கத் தண்ணீர் புகுந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

தாசில்தார் போன் செய்து அதைச் சொன்னபோது இஞ்ஞாசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அந்த வாரக் கடைசியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து கரை உடைப்பு பற்றி ஒரு படிவம் வந்தது. இஞ்ஞாசி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். அதை எடுத்துக்கொண்டு திலகவதியிடம் வந்தார்.

"'தகவல் அளித்தவர்'னு ஒரு கட்டம் இருக்கு மேடம். யாருன்னு எழுத? சிக்னல் நம்முது இல்ல. நாம ஒண்ணும் அனுப்பலை."

"தண்ணீர்னு எழுதுங்க."

இஞ்ஞாசி சிரிக்கலாமா என்று பார்த்தார். திலகவதி சிரிக்கவில்லை. இஞ்ஞாசி அப்படியே எழுதினார்.

"அப்போ நம்ம பேரு?"

திலகவதி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினார். அடுத்த வரியில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டார். அதற்கு மேலே 'காதுகொடுத்துக் கேட்டவர்கள்' என்று எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"பதினோரு பேரையும் இனிஷியலோட முழுசா எழுதுங்க அண்ணாச்சி. தூரத்துலேருந்து பார்த்தாலும் தெரியணும்."