பார்த்த தேதி

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்து நான்கு. யாரைப் பார்த்து யார் எழுந்து நிற்பது என்று முதல் நாளே இரண்டு பேருக்கும் குழப்பம். கடைசியில் இருவருமே உட்கார்ந்துவிட்டார்கள்.

குரு ஜைத்தூன், ஊர்க் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். சனிக்கிழமை காலைகளில் குளத்துக்கரை மருதமரத்தடியில் இயற்கைக் குறிப்பேடு வரையச் சொல்லிக்கொடுத்தாள். முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். வெயிலைப் பார்த்துச் சிலர் கழன்றுகொண்டார்கள், கொசுவைப் பார்த்து மற்றவர்கள். ஐந்தாவது வாரம் மிஞ்சியது அருமைநாயகம் ஒருவர்தான்.

அவர் பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருடம் பாலத்துக்கும் மடைக்கும் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். விடாப்பிடியான மனிதர் என்று ஜைத்தூன் நினைத்தாள். அப்படி ஒன்றும் இல்லை. மனைவி கனகமணி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வாரத்தில் அந்த ஒரு காலையில்தான் அவர் வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினார்.

ஜைத்தூனுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு படத்துக்கு மேலேயும் தேதி, இடம், நேரம், வானிலை எழுத வேண்டும்.

அன்று அவர் நோட்டை நீட்டினார். பக்கம் நிறைய ஒரு மடையான், கரையோரம் மீனுக்காக அசையாமல் நிற்குமே அந்தப் பழுப்புக் கொக்கு. இறகு இறகாக, அளவு பிசகாமல் இருந்தது.

"நல்லாருக்கு சார். எங்க பாத்தீங்க?"

"அந்தா, மடை பக்கத்துல. தினமும் அங்கதான் நிக்கும்."

"மேல பதினாலாம் தேதின்னு போட்டிருக்கு. அன்னைக்குப் பாத்தீங்களா?"

"பதினாலு அன்னைக்கு வரைஞ்சேன் டீச்சர். பாத்தது அதுக்கு முன்னாடி. வீட்ல பறவைப் புத்தகம் ஒண்ணு இருக்கு, அதையும் பக்கத்துல வச்சுக்கிட்டேன்."

"வரைஞ்ச தேதி வேண்டாம் சார். பாத்த தேதிதான் போடணும்."

அவள் எழுந்து மடைப் பக்கம் நடந்தாள். அவரும் பின்னால் போனார். கொக்கு அங்கேயே நின்றது. அதன் இடது காலில் வலையிலிருந்து அறுந்த நீல நைலான் நூல் சுற்றியிருந்தது. அந்தக் காலை அது முழுதாக ஊன்றவில்லை.

"உங்க படத்துல நூலைக் காணோமே?"

அருமைநாயகம் நோட்டையும் கொக்கையும் மாறி மாறிப் பார்த்தார். தினமும் பார்த்த கொக்கு அது.

"ரப்பரைக் குடுங்க சார்."

கொடுத்தார். சம்பளத்துக்கு இருந்த காலத்தில்கூட அவர் யாரிடமும் ரப்பரைக் கொடுத்தது கிடையாது.

"அடுத்த வாரம் வரைக்கும் பாத்ததை மட்டும் போடுங்க. பாக்காத இடத்தை வெள்ளையா விட்டுருங்க."

"அரைகுறைப் படத்துக்கு எங்க ஆபீஸ்ல மெமோ குடுப்பாங்க டீச்சர்."

"இங்க முழுப் படத்துக்குத்தான் மெமோ."

அடுத்த சனிக்கிழமை அவர் நோட்டைத் திறக்கவே கூச்சப்பட்டார். பக்கத்தின் நடுவில் ஒரு கால், அதில் ஒரு நூல், இரண்டு விரல்கடை தண்ணீர். மற்றதெல்லாம் வெள்ளை. மேலே, பார்த்த தேதி.

"ஒரு மணி நேரம் உக்காந்தேன். இவ்வளவுதான் கெடச்சுது."

ஜைத்தூன் அதை வெகுநேரம் பார்த்தாள். "கொக்கு நிக்குது சார்," என்றாள்.

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவர் நோட்டின் பின் அட்டைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். ஒரு பெண்ணின் முகம். அழித்து அழித்துக் கண் இருந்த இடத்தில் தாளே கிழிந்திருந்தது.

"யாரு சார்?"

"வீட்ல."

தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு சொன்னார்: "நான் கொக்கு வரையப் படிக்க வரல டீச்சர். இதுக்குத்தான் வந்தேன். எப்ப வரைஞ்சாலும் சுவத்துல மாட்டியிருக்க போட்டோதான் வருது. விறைப்பா, போட்டோகிராபரைப் பாத்துக்கிட்டு. அவ வரமாட்டேங்கா."

"ம்."

"முப்பத்தாறு வருஷம் எதிர்ல இருந்தா. அந்த நூலை விட்ட மாதிரி அவளையும் பாக்காமலே விட்டுட்டேனோன்னு பயமா இருக்கு. கொஞ்சநஞ்சம் இருக்கிறதும் நாளுக்கு நாள் போயிட்டே இருக்கு. கொக்குன்னா நாளைக்கும் வந்து பாக்கலாம். இவளை எங்க போய்ப் பாக்க?"

ஜைத்தூனுக்கு ஆறுதல் சொல்ல வராது. அவருடைய நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி அவர் மடியில் வைத்தாள்.

"பாத்ததை மட்டும் சார்."

அவர் பென்சிலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். வெயில் மரத்தடிக்குள் ஏறி வந்தது. கொக்கு பறந்து அக்கரைக்குப் போய்விட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பிறகு மெல்ல வரைய ஆரம்பித்தார்.

ஒரு பெருவிரல். அது ஒரு டம்ளரின் விளிம்பைத் தாண்டி உள்ளே நீண்டிருந்தது. நகத்தோரம் வாழைக்காய்க் கறையேறிய மெல்லிய கோடுகள். அதோடு கை முடிந்துவிட்டது. முகம் இல்லை, சேலை இல்லை.

"காப்பி குடுக்கையில இப்படித்தான். விரல் டம்ளருக்குள்ள போயிரும். விரலை எடு, விரலை எடுன்னு எத்தனை தடவை ஏசியிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை, அழுதார்.

ஜைத்தூன் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை திரும்பவில்லை.

"இவ்வளவுதான் இருக்கு டீச்சர்."

அவள் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"மேல ஒண்ணும் எழுதலையே சார்."

பழக்கத்தில் பென்சில் மேலே போனது. முதல் எழுத்துக்கு முன்னால் நின்றது.

"என்ன தேதின்னு போட? கடைசியா அவ காப்பி குடுத்தது எந்த நாளுன்னுகூடத் தெரியல."

"அதைக் கேக்கல. இந்த விரலை எப்பப் பாத்தீங்க?"

அருமைநாயகம் தாளைப் பார்த்தார்.

"இந்தா... இப்பத்தான்."

"அப்ப இன்னைக்குத் தேதி போடுங்க," என்றாள் ஜைத்தூன்.