வரப்பில் போட்ட வழி

மீன் பண்ணைக் குளம் ஒன்றில் ஒரு தாய் விரால் இருந்தது. செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் குஞ்சுகள் அதற்கு. அவற்றை விட்டு ஒரு முழம் தள்ளிப் போகாது.

ஒரு நாள் வேறு பண்ணையிலிருந்து விரால் குஞ்சுகள் வந்து இறங்கின. ஆட்கள் அவற்றைக் குளத்தில் விடவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னக் குட்டையில் விட்டார்கள்.

அவை அழுகிற சத்தம் தாய் விராலுக்குக் கேட்டது. மனசு தாங்கவில்லை.

"தாயில்லாப் பிள்ளைங்க. நம்மகிட்ட விட்டா என்னவாம்?"

வரப்பில் உட்கார்ந்திருந்த தவளை சொன்னது: "நோய் இருக்கான்னு கொஞ்ச நாள் பார்த்துட்டு விடுவாங்க. நீ சும்மா இரு."

"பெத்துப் போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காத சாதி நீ. உனக்கென்ன தெரியும்?"

தவளை தண்ணீரில் குதித்து அந்தப் பக்கம் போய்விட்டது.

விரால் நண்டைக் கூப்பிட்டது. "தம்பி, இந்த வரப்புல ஒரு வழி போட முடியுமா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்ட? வரப்பைக் குடையுறதுதானே எனக்குப் பொழப்பு!"

பொழுது சாய்வதற்குள் வழி ஆயிற்று. அந்தப் பக்கமிருந்து ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது.

"பெரியம்மா, தலை சுத்துது."

"பசி மயக்கம்டா கண்ணு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. என் பிள்ளைங்களோட சாப்பிடு."

வந்தன. ஒன்றாகத் தின்றன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கின.

சில நாளில் தாயின் சொந்தக் குஞ்சு ஒன்று இரையைத் துப்பியது. பம்பரம் மாதிரி சுற்றியது. அப்புறம் இன்னொன்று. தாய் ஊட்டிப் பார்த்தது, முட்டி நிமிர்த்திப் பார்த்தது. நிமிர்ந்தது மறுபடி சாய்ந்தது. செத்து மிதந்தவற்றில் தன் பிள்ளை எது, வந்த பிள்ளை எது என்று அதற்கே அடையாளம் தெரியவில்லை. கடைசியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தவளைக்கு நாலு வார்த்தை கேட்கலாம் என்று நாக்கு வரை வந்தது. தாயின் முகத்தைப் பார்த்தது. கேட்கவில்லை.

நண்டு மெதுவாகப் பக்கத்தில் வந்தது. "அந்த வழியை அடைச்சிடவா அக்கா?"

"இனிமே யாருக்காகடா அடைக்கணும்?" என்றது விரால்.

நோய்க்குப் பயந்து பிள்ளையைத் தள்ளி வைத்துப் பார்ப்பதும் பாசம்தான். அது புரியாத இரக்கம் வந்த பிள்ளையையும் காப்பாற்றாது, பெற்ற பிள்ளையையும் விட்டு வைக்காது.