சாரைப் பாம்பின் நாற்பது கால்கள்

அல்லிக்குளத்துக் கரையில் விலங்குகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பலகை, பேனா எதுவும் கிடையாது. அவரவர் வீட்டுப்பாடத்தைக் கரையோர ஈர மணலில் எழுதிவிட வேண்டும். காலையில் நாரை டீச்சர் நடந்து வந்து திருத்துவார்.

அங்கே படித்த சாரைப் பாம்புக்குப் பாட்டு என்றால் உயிர். ஆனால் அது வாயைத் திறந்தாலே போதும், தவளைகள் தண்ணீருக்குள் குதித்துவிடும். அதன் பாட்டை முழுதாகக் கேட்டவர் எவரும் இல்லை, பாவம்!

ஒருநாள் டீச்சர் சொன்னார்: "ரெண்டு கேள்வி. கணக்கு: உங்க வீட்டுல மொத்தம் எத்தனை கால்? இலக்கியம்: அந்தக் காலத்துல ஒரு ஏழைப் புலவர் காடு மலை தாண்டிப் போய் ராஜா முன்னாடி பாடினாரே, அந்தப் புலவர் நீங்களா இருந்தா என்ன பரிசு கேப்பீங்க? ரெண்டும் சரியா எழுதுறவங்கதான் குளத்துத் திருவிழாவுல பாடலாம்!"

சாரைக்கு வால் நுனி வரை சிலிர்த்தது. திருவிழாவில் பாடினால் எல்லோரும் உட்கார்ந்து கேட்டுத்தானே ஆகவேண்டும்!

மாலையில் அது வாலால் மணலில் ஏதோ எழுதியது. பார்த்தது. அழித்தது. மறுபடி எழுதி, மறுபடி அழித்தது. பக்கத்தில் நண்டு மளமளவென்று எழுதி முடித்து வளைக்குள் போய்விட்டது. நண்டுதான், ஆனால் கணக்கில் புலி!

சாரை அக்கம்பக்கம் பார்த்தது. நண்டு எழுதியதை ஓர் எழுத்து விடாமல் தன் இடத்தில் எழுதிக்கொண்டது. சரியான ஈயடிச்சான் காப்பி! பிறகு நிம்மதியாகத் தூங்கியது.

காலையில் டீச்சர் சாரை எழுதியதை உரக்கப் படித்தார். "எங்கள் வீட்டில் நான்கு பேர். கொடுக்கோடு சேர்த்து ஆளுக்குப் பத்துக் கால். மொத்தம் நாற்பது."

டீச்சர் சாரையைத் தலை முதல் வால் வரை பார்த்தார். "டேய், அத்தனை காலையும் எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் மேலே படித்தார். "அரசே! எங்கள் வீட்டார் அனைவருக்கும் செருப்பு வேண்டும்."

தவளைகள் மல்லாந்து விழுந்து சிரித்தன. "டீச்சர், அது என் செருப்பு!" என்று நண்டு கத்தியது.

"பாட்டுப் போச்சே!" என்று சாரை அழுதது.

"அழாதே. இங்க எதையோ அழிச்ச மாதிரி இருக்கே, அது என்ன?" என்று டீச்சர் கேட்டார்.

"பூஜ்யம் டீச்சர். வீட்டுல மூணு பேர். எப்படிப் பெருக்கினாலும் பூஜ்யம்தான் வந்துச்சு. வீட்டுப்பாடமே செய்யலைன்னு நினைச்சிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"அட அசடே! அதுதான்டா சரியான விடை! ராஜாகிட்ட என்ன கேட்ட?"

சாரை தயங்கியது. "பொன்னும் பொருளும் வேண்டாம் ராஜா, நான் பாடி முடிக்கிற வரைக்கும் யாரும் ஓடாம இருந்தாப் போதும்னு எழுதினேன். அதையும் அழிச்சுட்டேன்."

சிரிப்பு சட்டென்று நின்றது. தவளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"ரெண்டுமே சரி, நீ பாடலாம்!" என்றார் டீச்சர். "ஆனா காப்பியடிச்சதுக்குத் தண்டனை உண்டு. நண்டு வீட்டு வாசலை உன் வாலாலேயே பெருக்கணும்!"

சாரை சந்தோஷமாகப் பெருக்கியது. நண்டு அதிகாரமாக மேற்பார்வை பார்த்தது.

திருவிழா வந்தது. சாரை பாடியது. தவளைகள் கொஞ்சம் எட்டத்தில், நடுக்குளத்து அல்லி இலைகளில்தான் உட்கார்ந்திருந்தன. எதற்கும் ஒரு ஜாக்கிரதை! ஆனால் பாட்டு முடியும்வரை ஒரு தவளைகூடத் தண்ணீரில் குதிக்கவில்லை.

அடுத்தவர் எழுதிய நாற்பதைவிட, நாமே கண்ட பூஜ்யம் மேல்.